குரோமியம் என்றால் எந்தக் குரோமியம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. தனிம வரிசை அட்டவணையில் உள்ள 118 தனிமங்களில் ஒன்றை மட்டும் அவர் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. அது குரோமியம். "குரோம் தோல்", "குரோம் தண்ணி", "குரோம் பவுடர்" என்று அந்தப் பெயர் பிள்ளைகளின் வீடுகளில் அன்றாடம் புழங்குகிறது. அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறார், அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறார் என்றால், குரோமியம்தான் அந்தக் குடும்பத்தின் மாதச் சம்பளம்.

நான் ஆம்பூர் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். இடைநிலைத் தனிமங்கள் பாடத்தைத் தொடங்கும் நாளில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "குரோமியம் விஷம் சார், அதனாலதான் எங்க ஊர்க் கிணத்துத் தண்ணியைக் குடிக்க முடியல" என்பார் ஒருவர். "எங்கப்பா இருபது வருஷமா அதுலதான் வேலை செய்யறாரு, ஒண்ணும் ஆகலையே" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது, இரண்டிலும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. விடுபட்டது ஒரு கேள்வி: எந்தக் குரோமியம்?

ஒரு தனிமத்தின் பெயர் மட்டும் நமக்கு அதிகம் சொல்வதில்லை. அது எந்தச் சேர்மத்தில், எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது என்பதுதான் அதன் நடத்தையைத் தீர்மானிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்காக நாம் நடத்தும் ஆக்சிஜனேற்ற எண், எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்தின் உடல்நலத்தையும் பிழைப்பையும் தொடும் செய்தி. அதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவரலாம் என்பதே இந்தக் கட்டுரை.

தோல் ஏன் அழுகுகிறது? பதனிட்ட தோல் ஏன் அழுகுவதில்லை?

பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் நாற்றமெடுக்கும். காயவைத்தால் பலகைபோல் விறைக்கும். மறுபடி நனைத்தால் மறுபடி அழுகும். நீரில் கொதிக்க வைத்தால் சுருங்கிக் கரைந்து வஜ்ஜிரம் என்ற பசையாகும். இத்தனைக்கும் காரணம் தோலின் முக்கியப் புரதமான கொலாஜன். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறுபோன்ற அமைப்பு அது. இந்த மும்முறுக்கு அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற அந்தக் கண்டுபிடிப்பு, நம் மாணவர்களின் வீட்டுத் தொழிலுக்குரிய மூலப்பொருளைப் பற்றியது என்பதை வகுப்பில் சொல்லத் தவற வேண்டாம்.

பதனிடுதல் என்பது இந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, நுண்ணுயிரிகளும் வெந்நீரும் எளிதில் பிரிக்க முடியாதபடி செய்வது. நம் முன்னோர் அதற்கு ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தினார்கள். அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தோடு பிணைகிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்வதும் இதனால்தான்: உமிழ்நீரிலுள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது. பட்டை முறையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே ஓர் ஆங்கில வேதியியலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார்லஸ் ஹாட்செட், 1801இல் அமெரிக்காவிலிருந்து வந்து லண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்த கறுப்புக் கனிமம் ஒன்றை ஆராய்ந்து புதிய தனிமம் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் அதற்கு இட்ட பெயர் கொலம்பியம். இன்று நாம் நியோபியம் என்கிறோம். அதே ஹாட்செட் 1805இல் கரியை நைட்ரிக் அமிலத்தோடு வினைப்படுத்தி ஒரு பொருளைத் தயாரித்தார். அது மரப்பட்டையிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் டானினைப் போலவே ஜெலட்டின் கரைசலை வீழ்படிவாக்கியது. பதனிடும் தன்மை மரப்பட்டைக்கு மட்டும் உரிய ரகசியமல்ல, புரதத்தோடு பிணையக்கூடிய வேறு பொருளும் அதைச் செய்யலாம் என்பதற்கு அது ஒரு தொடக்ககாலச் சான்று. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வேலைக்கு வந்து சேர்ந்த பொருள்தான் குரோமியம். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் பதனிடும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறை சென்னைக்கு வந்தது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கு அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.

பிடித்தால் விடாத அயனி

குரோமியத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? டேனரியில் பயன்படும் பச்சைத் தூள், காரத்தன்மை கொண்ட குரோமியம் சல்பேட். அதில் குரோமியம் +3 நிலையில் இருக்கிறது. நீரில் கரைந்ததும் ஒவ்வொரு குரோமியம் அயனியைச் சுற்றியும் ஆறு இடங்களில் நீர், சல்பேட், ஹைட்ராக்சைடு போன்ற ஈனிகள் அமர்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் நடத்தும் அணைவுச் சேர்மம் இதுதான்.

பெரும்பாலான உலோக அயனிகளைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் ஒரு நொடிக்குள் பலமுறை இடம் மாறிக்கொள்ளும். தாமிர அயனியில் ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை மாறும். குரோமியம் +3 அயனியில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு இடம் மாறச் சில நாள்கள் ஆகின்றன. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி டாவ்பேயும் ஹண்ட்டும் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு இதை அளந்து காட்டினார்கள். உலோக அணைவுகளின் வினைகளை ஆராய்ந்ததற்காகவே டாவ்பே 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மந்தத்தன்மைதான் தோலுக்கு வேண்டியது. கொலாஜன் சங்கிலிகளில் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. குரோமியம் அவற்றோடு பிணைந்து ஒரு சங்கிலியையும் அடுத்த சங்கிலியையும் கோத்துவிட்டால், எளிதில் விடாது.

டிரம்மில் வேலை செய்பவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். சுண்ணாம்பு நீக்கிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துப் பி.எச். மதிப்பை 3 அளவுக்கு இறக்குகிறார்கள். அந்த நிலையில் கார்பாக்சில் தொகுதிகள் பெரும்பாலும் ஹைட்ரஜனோடு இருப்பதால் குரோமியத்தைப் பிடிப்பதில்லை. குரோமியம் தடையின்றித் தோலின் நடுப்பகுதிவரை நுழைகிறது. பிறகு சோடியம் பைகார்பனேட் போன்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பி.எச். மதிப்பை 4க்கு அருகே ஏற்றுகிறார்கள். கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்து குரோமியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதலிலேயே ஏற்றிவிட்டால் மேற்புறம் மட்டும் பதமாகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். நாம் கரும்பலகையில் எழுதும் அமில-காரச் சமநிலை, டிரம் அருகே நிற்கும் தொழிலாளியின் கையில் அன்றாடம் நடக்கிறது.

வேலை முடிந்ததா என்று அறிய ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். பச்சைத் தோல் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். நன்றாகக் குரோமியம் ஏறிய தோல் கொதிநீரிலும் சுருங்காது. டிரம்மிலிருந்து வெளியே வரும் ஈரத்தோல் நீல நிறமாக இருப்பதால் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். பச்சைத் தூள் போட்டால் நீலத் தோல் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தனிமமும் அதன் +3 நிலையும் மாறவில்லை. சூழ்ந்திருக்கும் ஈனிகள் மாறின, அதனால் நிறம் மாறியது. அணைவு வேதியியலுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எங்கள் ஊரில் கிடைக்காது.

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை

அப்படியானால் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய பேச்சு பொய்யா? இல்லை. அதை விளங்கிக்கொள்ளப் பச்சைத் தூள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குரோமியத்தின் தாது குரோமைட். இந்தியாவின் குரோமைட் வளத்தில் மிகப் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. தாதுவில் குரோமியம் +3 நிலையில், கரையாமல் இருக்கும். அதைக் கரைய வைக்க, சோடா உப்போடு கலந்து காற்றில் வறுக்கிறார்கள். குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து +6 நிலைக்குப் போகிறது. கிடைப்பது மஞ்சள் நிறச் சோடியம் குரோமேட். அதில் அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிறச் சோடியம் டைகுரோமேட். அதைச் சர்க்கரைப்பாகுக் கழிவு அல்லது கந்தக டையாக்சைடு கொண்டு ஒடுக்கினால் மறுபடி +3. அதுதான் பச்சைத் தூள்.

+3இல் தொடங்கி, +6 வழியாகச் சென்று, மீண்டும் +3க்கு வரும் பயணம் இது. நடுவிலுள்ள அந்த +6 கட்டம்தான் ஆபத்தானது. ராணிப்பேட்டை தொழிற்பேட்டைப் பகுதியில் இப்படிக் குரோமேட் உற்பத்தி செய்த தொழிற்சாலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. வறுத்த தாதுவின் மிச்சமான அதில் +6 குரோமியம் எஞ்சியிருப்பதால், மழைநீர் பட்டதும் மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சுகிந்தா இடம்பெற்றது. தாது கிடைக்கும் இடம், தாதுவைப் பதப்படுத்திய இடம் இரண்டுமே அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் வந்தது தற்செயல் அல்ல.

+6 நிலை ஏன் இவ்வளவு தீங்கு செய்கிறது? இரண்டு காரணங்களைப் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்படி சொல்லலாம்.

முதலாவது, அது நகரக்கூடியது. +3 குரோமியம் நடுநிலையான நீரில் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து மண்ணோடு தங்கிவிடும். +6 குரோமியம் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக நீரில் கரைந்தே இருக்கும். களிமண் துகள்களும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் அவை அதைப் பிடித்துவைப்பதில்லை. நிலத்தடி நீர் போகும் இடமெல்லாம் அது போகும்.

இரண்டாவது, அது ஏமாற்றி நுழைகிறது. குரோமேட் அயனியின் வடிவமும் மின்சுமையும் சல்பேட் அயனியைப் போன்றவை. நம் செல்கள் சல்பேட்டுக்காகத் திறந்துவைத்திருக்கும் வழியாகவே அது உள்ளே போய்விடும். உள்ளே சென்றபின் ஒடுக்கம் அடைந்து +3 ஆக மாறும்போது மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது. +3 அயனியோ செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இல் +6 குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலும், +3 சேர்மங்களை அவ்வாறு வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவிலும் வைத்தது. ஒரே தனிமம், இரண்டு வெவ்வேறு பிரிவுகள்.

அண்டை வீட்டு நியோபியம்

மேல்நிலை வகுப்பில் ஒரு கேள்வி வரும்: "+6 எப்போதும் இப்படித்தானா?" இல்லை. தனிம வரிசை அட்டவணையில் குரோமியத்துக்கு ஒரு வரிசை கீழே, ஒரு தொகுதி இடப்புறம் இருப்பது ஹாட்செட்டின் நியோபியம். குரோமியத்தைப் போலவே அதன் எலக்ட்ரான் அமைப்பும் வழக்கமான விதியை மீறியது. ஆனால் நியோபியத்தின் மிக உயர்ந்த நிலையான +5தான் அதன் மிக நிலைத்த நிலை. அது குரோமேட்டைப் போல அடுத்த பொருளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கத் துடிப்பதில்லை. குரோமியத்தின் தொகுதியிலேயே கீழே இருக்கும் மாலிப்டினத்தின் +6 சேர்மமான மாலிப்டேட், பயிர்களுக்குச் சிறிதளவு தேவைப்படும் சத்து. இடைநிலைத் தனிமங்களில் ஒரு தொகுதியில் கீழே போகப் போக உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலைகள் நிலைப்புத்தன்மை பெறுகின்றன என்ற பாடநூல் வரிக்கு உயிர் இங்கே கிடைக்கிறது.

நியோபியம் மாணவர்களுக்குத் தொலைவான பெயராகத் தோன்றலாம். வேலூர் மருத்துவமனைகளில் இருப்பது போன்ற எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தச் சுருள், நியோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பியால் ஆனது. திரவ ஹீலியத்தின் குளிரில் அந்தக் கம்பி மின்தடை இன்றி மின்சாரத்தைக் கடத்துகிறது. அட்டவணையில் அருகருகே இருப்பவற்றில் ஒன்று தோல் டிரம்மிலும் மற்றொன்று ஸ்கேன் அறையிலும் வேலை செய்கின்றன என்று சொன்னால், அட்டவணை வெறும் மனப்பாடம் அல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

வரம்புகள், தீர்ப்பு, ஆராய்ச்சி

டேனரியில் பயன்படுவது +3 என்பதால் அதன் கழிவுநீரை அப்படியே விடலாமா? கூடாது. வழக்கமான முறையில் டிரம்மில் இடும் குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 சதவீதமே தோலில் சேர்கிறது. மீதி நீரோடு வெளியேறுகிறது. வெளியேற்றும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மி.கி.க்கும், +6 குரோமியம் 0.1 மி.கி.க்கும் மேல் இருக்கக் கூடாது என்பது விதி. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. கழிவுநீர் விதியே இரண்டு நிலைகளுக்கும் இரண்டு எண்களை வைத்திருப்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற இரு கொள்கைகளை அது நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்த வழக்கின் பெயரில் நம் ஊர் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாக உழைத்துவருகிறது. குரோமியக் கழிவுநீரில் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து, +3 குரோமியத்தை ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடப் பயன்படுத்தும் முறை அவற்றில் ஒன்று. பத்தாம் வகுப்பு மாணவர் அறிந்த வீழ்படிவு வினையும் அமில-கார வினையும்தான் அதில் இருக்கின்றன. குரோம் பதனிடும் கட்டத்தில் நீரே சேர்க்காத முறையையும் அந்த நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. இட்ட குரோமியத்தில் பெரும்பகுதி தோலிலேயே சேர்வதால் கழிவு குறைகிறது.

ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் குரோமியத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க ஏராளமான உப்பு இடுகிறார்கள். அந்த உப்பு ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. பாலாற்றுப் பகுதி வயல்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தெரிவதும், கிணற்று நீர் கரிப்பதும் உப்பால். அதைக் குரோமியத்தைப் போல வீழ்படிவாக்கி நீக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர் சவ்வூடுபரவல் வரவேண்டியிருந்ததற்கு முக்கியக் காரணம் இந்த உப்புதான்.

+3 மறுபடி +6 ஆகுமா?

ஆகும். அது பெற்றோருக்கும் போய்ச் சேர வேண்டிய செய்தி. குரோமியம் ஏறிய தோல் துண்டுகளையும் சீவல் தூளையும் காற்றில் எரித்தால், +3 குரோமியத்தில் ஒரு பகுதி +6 ஆக மாறிச் சாம்பலிலும் புகையிலும் சேரும். தாதுவை வறுக்கும்போது நடந்த அதே ஆக்சிஜனேற்றம்தான். தோல் வெட்டுத்துண்டுகளை அடுப்பெரிக்கவோ வெந்நீர் காய்ச்சவோ பயன்படுத்தக் கூடாது என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லட்டும். விலையில்லாத விறகு என்று தோன்றுவது உண்மையில் அப்படியல்ல.

முடிவுற்ற தோலிலும், பயன்படுத்திய எண்ணெயும் வெப்பமும் சேர்ந்தால் சிறிதளவு +6 உருவாகலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தோலோடு நம் தோல் தொடர்புகொள்ளும் பொருள்களில் +6 குரோமியம் கிலோவுக்கு 3 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆம்பூரிலிருந்து கப்பலேறும் ஒரு ஜோடி ஷூ, ஆக்சிஜனேற்ற எண்ணால் திருப்பி அனுப்பப்படலாம்.

தண்ணீரைப் பற்றியும் இரண்டு செய்திகள். கொதிக்கவைப்பதால் குரோமியம் நீங்காது. நீர் தெளிவாக இருப்பதால் குரோமியம் இல்லை என்றும் ஆகாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது குடிநீர் வரம்பை அது எப்போதோ தாண்டியிருக்கும். ஐயம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்கச் செய்வதே வழி.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகள்: வீட்டிலும் பள்ளியிலும் உள்ள தோல் பொருள்களைப் பட்டியலிடச் சொல்லலாம். தெருவோரம் கொட்டிக் கிடக்கும் நீலச் சீவல்களை வைத்து விளையாடக் கூடாது, எரிக்கக் கூடாது, கை கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும் என்ற மூன்று பழக்கங்கள் போதும். இந்த வயதில் அச்சம் ஊட்டத் தேவையில்லை.

நடுநிலை வகுப்புகள்: ஒரு தேக்கரண்டி ஜெலட்டினை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடிகட்டுங்கள். இன்னொரு குவளையில் பாலில்லாத கெட்டித் தேநீர் அல்லது கடுக்காய்த் தூள் கஷாயம். இரண்டையும் கலந்தால் கலங்கி, வீழ்படிவு உண்டாகும். தோலுக்குள் பட்டை செய்யும் வேலை கண்முன்னே நடக்கிறது. கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் ஜெலட்டின் அல்ல, அது கடற்பாசியிலிருந்து எடுக்கும் மாவுப்பொருள் வகை. அதைக் கொண்டு இந்தச் சோதனை வராது.

உயர்நிலை வகுப்புகள்: குரோமியச் சேர்மங்களை மாணவர் கையில் தர வேண்டாம். ஒரே தனிமத்தின் இரு நிலைகளைக் காட்ட அன்னபேதி போதும். பச்சை நிற அன்னபேதியைப் புதிதாக நீரில் கரைத்து, ஆசிரியரே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அழுக்குப் பச்சை நிற வீழ்படிவு வரும். ஒரு பாடவேளைக்குள் அதன் மேற்புறம் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். இரும்பு +2, இரும்பு +3 ஆகிவிட்டது. பிறகு கணக்கு: சோடியம் டைகுரோமேட்டில் சோடியம் இரண்டும் சேர்த்து +2, ஆக்சிஜன் ஏழும் சேர்த்து -14. மீதம் +12ஐ இரண்டு குரோமியம் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் +6. டேனரித் தூளில் ஒரு ஹைட்ராக்சைடு -1, ஒரு சல்பேட் -2. எனவே குரோமியம் +3. இந்த இரு விடைகளுக்கும் நடுவில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

மேல்நிலை வகுப்புகள்: உப்புப் பகுப்பாய்வில் காரீய அயனியை உறுதிசெய்யும் பொட்டாசியம் குரோமேட் +6 நிலையில் உள்ளது. நம் ஆய்வகத்திலும் அந்தப் புட்டி இருக்கிறது. சொட்டுக்கணக்கில் பயன்படுத்துவது, கையுறை அணிவது, மீதியைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலத்தில் சேர்ப்பது ஆகியவற்றை நாமே செய்துகாட்ட வேண்டும். சேர்த்த கழிவை அமிலமாக்கி, அன்னபேதிக் கரைசலால் ஒடுக்கி, பச்சையானபின் சுண்ணாம்பால் வீழ்படிவாக்கலாம். ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையத்தின் வேதியியல் அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தோல் தொழில் செய்யும் குடும்பங்கள் நம் சமூகத்தில் நெடுங்காலமாக இழிவுபடுத்தப்பட்டவை. மாசு பற்றிய பாடத்தை நடத்தும்போது "உங்க அப்பா வேலை செய்யற இடம்" என்ற தொனி வந்துவிட்டால், பாடம் போய்விடும், அந்தப் பிள்ளையின் தலையும் குனிந்துவிடும். அதற்கு மாறாக, பி.எச். எப்போது ஏற்றுவார்கள், கொதிநீர்ச் சோதனை எப்படிச் செய்வார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும் மிகத் துல்லியமான விடைகள், டிரம் அருகே நிற்கும் தந்தையர் சொல்லி அனுப்பியவை. டேனரியில் கையுறையும் முகக்கவசமும் ஏன் தேவை என்ற பேச்சும் அந்த உரையாடலிலேயே வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது.

பாலாறு நலம்பெற வேண்டும், ஆம்பூரின் வேலைவாய்ப்பும் நிலைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பேச்சுகளை நம் மாணவர்கள் நாளை நிறையக் கேட்பார்கள். அப்போது "எந்தக் குரோமியம், எவ்வளவு, எங்கே போகிறது?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்களாக அவர்களை அனுப்பிவைப்பது வேதியியல் ஆசிரியர் செய்யக்கூடிய வேலை. அந்தக் கேள்வி தெரிந்தவரே நாளை சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளராகவும், தொழிற்சாலையில் மேலாளராகவும், ஊராட்சியில் உறுப்பினராகவும் சரியாக முடிவெடுப்பார்.